நத்தைக்காக ஒரு வரி

எந்தத் திசையில் போனாலும் இங்கிருந்து
கடலுக்கு இரண்டு நாள் வண்டி ஓட்ட வேண்டும்.
ரெஜைனாவில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கோதுமை வயல்கள் எங்கே முடிந்து
வானம் எங்கே தொடங்குகிறதென்று
பனிக்கே தெரியாது.
என் வீட்டு நிலவறையில்
இருநூறு லிட்டர் கடல்
இருபத்தைந்தரை டிகிரியில் அசைந்துகொண்டிருக்கிறது.

கடல் என்று நான்தான் சொல்கிறேன்.
குழாய்த் தண்ணீரை வடிகட்டி
மூட்டை உப்பை வாளி வாளியாய்க் கரைத்துச் செய்தது.
இரண்டு கோமாளி மீன்கள் நம்பிவிட்டன.
பவளம் நம்ப எட்டு மாதம் எடுத்துக்கொண்டது.

ஹீட்டர், விளக்கு, அலை எழுப்பும் மோட்டார்,
ஆவியாகிப் போன அளவுக்கு நன்னீர் ஊற்றும் குட்டிப் பம்பு
எல்லாவற்றுக்கும் ஒரே மூளை.
தூண்டில் சாமான் வைக்கும் பழைய டப்பாவுக்குள்
நானே அதைக் கட்டினேன்.
சாலிடர் புகை கண்ணில் ஏற
நான்கு ரிலேக்களை வரிசையாகப் பதித்தேன்.
ஒவ்வொன்றும் விழும்போது
நாக்கைத் தட்டுவதுபோல ஒரு ‘டக்’.

"கடையில் கிடைக்குமே?" என்றான் டெர்ரில், படியில் நின்றபடி.
கிடைக்கும். எழுநூறு டாலர்.
இதுவரை இதில் அறுநூற்று நாற்பது போட்டிருப்பதை
அவனிடம் சொல்லவில்லை.

பகலில் நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
பதினெட்டு வருடமாக
ஒரே ஒரு சுவிட்சை நம்பி
எந்தப் பெட்டியையும் மேலே அனுப்பியதில்லை.
கதவு மூடிவிட்டதாகக் கதவு சொன்னால் போதாது,
பூட்டும் சொல்ல வேண்டும்.
கயிறு அறுந்தால் பிடிக்க ஒன்று,
அது பிடிக்காவிட்டால் பிடிக்க இன்னொன்று.
புதிய பையன்களுக்கு இதை நான்
அலுக்க அலுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் கடலுக்கு
ஒரே ஒரு மிதவை வைத்தேன்.
மிதவை தாழ்ந்தால் நீர் குறைவு,
நீர் குறைந்தால் பம்பு ஓடட்டும்.
அவ்வளவுதான் எழுதினேன்.
அழகாக இருந்தது, இரண்டே வரி.

பத்தொன்பதாம் தேதி பின்னிரவு
ஒரு நத்தை
கண்ணாடியில் பாசி மேய்ந்து மேய்ந்து
மிதவையின் தலையில் ஏறி உட்கார்ந்தது.
சுண்டைக்காய் அளவு. அதன் முழு எடையோடும்.

மிதவை தாழ்ந்தது.
பம்பு ஓடியது.
சொன்ன சொல் தவறாத என் மூளை
நாற்பது லிட்டர் நன்னீரையும்
சொட்டு மிச்சமில்லாமல் கடலில் ஊற்றியது.

கால் நனைந்துதான் எனக்குத் தெரிந்தது.
கம்பளத்தில் குளம்.
உப்பு முப்பத்தைந்திலிருந்து
இருபத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.
பவளம் விரல்களை மடக்கி
யாரோ திட்டிய குழந்தைபோலக் கிடந்தது.
மீன்கள் மூலையில்.
சின்னத் திரையில் மட்டும் பச்சை எழுத்து:
எல்லாம் சரி.

நத்தை இன்னும் உட்கார்ந்திருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இங்கே உப்பிட்டவள் நான்.
நினைக்க வேண்டியவளும் நான்தான்.

விடியும்வரை உப்பு கரைத்தேன்.
அவசரப்பட்டால் அதுவே கொல்லும் என்பதால்
மணிக்கு ஒரு குவளை,
பிறகு இன்னொன்று.
டெர்ரில் கேள்வி கேட்காமல்
துண்டுகளைப் பிழிந்தான், பிழிந்தான்,
பிறகு மெதுவாகக் கேட்டான்:
"மொத்தம் எவ்வளவு ஆச்சு?"
சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்று இரண்டாவது மிதவையை
முதலாவதற்கு மேலே பொருத்தினேன்.
இரண்டுக்கும் வலைக்கூண்டு.
பிறகு புதிதாக ஒரு வரி:
தொண்ணூறு நொடிக்கு மேல் பம்பு ஓடினால்
யார் என்ன சொன்னாலும் நிறுத்து.
மிதவை சொன்னாலும்.
நான் சொன்னாலும்.

அந்த வரியின் ஓரத்தில்
இயந்திரம் படிக்காத குறிப்பாக
‘நத்தைக்காக’ என்று எழுதிவைத்தேன்.

பவளம் வியாழக்கிழமை
ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்த்தது.
ரிலே ‘டக்’ என்றது.
சட்டென்று மடக்கிக்கொண்டது.